மோதியது எது? பொல்லாக்கின் சட்டமாகாத மசோதாவும் நம் இழப்பீட்டுச் சட்டமும்

இந்தியாவில் குற்றங்களுக்கு 1860லேயே தண்டனைச் சட்டம் வந்துவிட்டது. ஒப்பந்தத்துக்கு 1872ஆம் ஆண்டுச் சட்டம், சொத்துரிமை மாற்றத்துக்கு 1882ஆம் ஆண்டுச் சட்டம் என்று வரிசையாக வந்தன. ஒருவரின் கவனக்குறைவால் இன்னொருவருக்குக் கையோ காலோ உயிரோ போனால் யார், எப்போது, எவ்வளவு ஈடுகட்ட வேண்டும் என்று சொல்லும் பொதுச் சட்டம் மட்டும் இன்றுவரை இல்லை. சட்டக் கல்லூரி மாணவர் குற்றவியல் வகுப்புக்கு மெலிந்த 'பேர் ஆக்ட்' ஒன்றை எடுத்துப்போகலாம். 'டார்ட்ஸ்' வகுப்புக்கு, அதாவது தீங்கியல் வகுப்புக்கு, அப்படி எதுவும் கிடையாது. யாரோ ஒரு பேராசிரியர் எழுதிய தடித்த புத்தகத்தைத்தான் தூக்கிப்போக வேண்டும்.

சட்டம் எழுத ஆள் இல்லாமல் இப்படி ஆகவில்லை. ஆள் இருந்தார், எழுதியும் கொடுத்தார். அவர் பெயர் ஃபிரடெரிக் பொல்லாக். ஆக்ஸ்போர்டு பேராசிரியர். இந்திய அரசு கேட்டுக்கொண்டதன்பேரில் 1882க்கும் 1886க்கும் இடையில் 'இந்திய உரிமையியல் தீங்குகள் மசோதா' என்ற முழு வரைவை உருவாக்கினார். அது சட்டமாகவில்லை. மசோதா தூங்கியது, அதை எழுதியவரின் பாடநூல் இந்திய நீதிமன்றங்களில் சட்டம்போலவே நடமாடியது. இந்த முரணைப் பிடித்துக்கொண்டு போனால், இன்று மலைச்சாலை விபத்து ஒன்றில் இறந்தவரின் குடும்பத்துக்குக் கிடைக்கும் தொகை ஏன் விபத்தின் தன்மையைவிட மோதிய பொருளின் பெயரைப் பொறுத்திருக்கிறது என்பதுவரை வந்து சேரலாம்.

பொல்லாக் 1845 டிசம்பர் 10 அன்று லண்டனில் பிறந்தவர். நீதிபதிகளும் படைத்தலைவர்களும் நிறைந்த குடும்பம். அதே பெயர் கொண்ட தாத்தா இங்கிலாந்தின் எக்ஸ்செக்கர் நீதிமன்றத்துக்குத் தலைமை வகித்தவர். தாத்தாவின் சகோதரர்களில் ஒருவரான டேவிட் பம்பாய் உச்ச நீதிமன்றத்தின் தலைமை நீதிபதி. இன்னொருவரான ஜார்ஜ், 1842இல் கைபர் கணவாய் வழியாகக் காபூலுக்குப் படை நடத்திப் போனவர். ஈட்டனிலும் கேம்பிரிட்ஜிலும் படித்த பேரன் 1871இல் வழக்கறிஞரானார். வாதாடிப் பெயர் எடுக்கவில்லை. எழுதிப் பெயர் எடுத்தார். 1876இல் ஒப்பந்தச் சட்டத்தின் கோட்பாடுகள் பற்றிய நூல், அடுத்த ஆண்டு கூட்டாண்மை பற்றிய நூல், 1880இல் தத்துவஞானி ஸ்பினோசாவின் வாழ்க்கையும் சிந்தனையும். சட்ட நூல்களுக்கு இடையில் ஸ்பினோசாவை எழுதுகிற மனம் எப்படிப்பட்டது என்பதை அவருடைய தீங்கியல் நூலைப் புரட்டினால் புரிந்துகொள்ளலாம். சிதறிக் கிடக்கும் தீர்ப்புகளுக்கு அடியில் ஒற்றைத் தத்துவம் இருந்தே ஆக வேண்டும் என்று தேடுகிற மனம் அது.

1883இல் ஆக்ஸ்போர்டின் கார்ப்பஸ் நீதியியல் பேராசிரியர் பதவி அவருக்கு வந்தது. அந்த நாற்காலியில் அவருக்கு முன் இருந்தவர் ஹென்றி மெயின், கல்கத்தாவில் வைஸ்ராய் சபையின் சட்ட உறுப்பினராக ஏழாண்டுகள் இருந்தவர். இந்தியாவுக்குச் சட்டம் எழுதுவது அந்தக் காலத்து ஆங்கிலச் சட்ட அறிஞர்களுக்கு ஒரு சோதனைக்கூடம்போல இருந்தது. தங்கள் ஊரில் பாராளுமன்றமும் வழக்கறிஞர் கூட்டமும் தொகுப்புச் சட்டத்துக்கு இடம்கொடுக்காது. இங்கே தடுக்க யாரும் இல்லை. மெக்காலே தொடங்கி ஸ்டீபன், விட்லி ஸ்டோக்ஸ்வரை பலரும் அந்த வசதியைப் பயன்படுத்திக்கொண்டவர்கள்தான்.

1879இல் இந்தியாவின் நான்காம் சட்ட ஆணையம் தீங்கியலையும் தொகுக்கலாம் என்று பரிந்துரைத்தது. அதில் ஸ்டோக்ஸோடு இருந்த சார்லஸ் டர்னர் அதே ஆண்டில் சென்னை உயர் நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாக வந்தவர். பரிந்துரையின் தொடர்ச்சியாகத்தான் வேலை பொல்லாக்கிடம் போனது. அவர் மசோதாவோடு விளக்கக் குறிப்புகளும் எடுத்துக்காட்டுகளும் சேர்த்து எழுதினார். ஆங்கில வழக்குகள், இந்திய வழக்குகள், விதிவிலக்குகள் எல்லாம் இருந்தன.

அவர் மசோதாவுக்குள் கொண்டுவரப் பார்த்த இந்திய நிலைமை எப்படிப்பட்டது என்பதற்கு நம் பக்கத்து வழக்கு ஒன்றே போதும். கார்வேட்டிநகரம் ஜமீன் அன்று சென்னை மாகாணத்தின் வட ஆற்காடு மாவட்டத்தில் இருந்தது. இன்று ஆந்திரத்தில் இருக்கிறது. பெருமழையில் ஜமீனின் ஏரிகள் உடைந்தன. வெள்ளம் சென்னை ரயில்வே கம்பெனியின் பாதையைச் சேதப்படுத்தியது. கம்பெனி ஜமீன்தார்மீது வழக்குப் போட்டது. கம்பெனியின் கையில் இருந்தது 1868இல் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை உறுதிசெய்த ரைலண்ட்ஸ் வழக்குத் தீர்ப்பு. தன் நிலத்தில் இயல்புக்கு மாறாகத் தண்ணீரைத் தேக்கிவைப்பவர், அது தப்பி அண்டைநிலத்தைக் கெடுத்தால், தன்மேல் தவறு இல்லாவிட்டாலும் பொறுப்பாளி என்பது அதன் சாரம். ஏரி என்றால் தேக்கிய தண்ணீர்தானே? உடைந்துவிட்டதல்லவா? அப்படியானால் பணம் எடு என்றது கம்பெனி.

லண்டனில் இருந்த இறுதி மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் 1874இல் மறுத்தது. அந்தத் தீர்ப்பின் காரணம் இன்றும் படிக்கத் தகுந்தது. இந்நாட்டில் ஏரி என்பது ஒரு நில உடைமையாளர் தன் லாபத்துக்காகக் கட்டிவைத்த தொட்டி அன்று. அது பழங்காலம்தொட்டு இருப்பது. பாசனம் அதை நம்பியிருக்கிறது. ஜமீன்தார் நினைத்தாலும் மூடிவிட முடியாது. பராமரிப்பது அவருடைய கடமை. ஆகவே சட்டம் கொடுத்த அதிகாரத்தால் ஒரு பொதுக்காரியம் செய்பவரின் நிலைதான் அவருடையது. கவனக்குறைவை நிரூபித்தால் மட்டுமே அவர் ஈடுகட்ட வேண்டும். இதில் ஒரு குறும்பு இருக்கிறது. சட்டப்படி அனுமதி பெற்று ஓடும் ரயிலின் எஞ்சினிலிருந்து தீப்பொறி பறந்து பயிர் எரிந்தால், கவனக்குறைவு இல்லாதவரை கம்பெனி பொறுப்பில்லை என்று ஆங்கில நீதிமன்றங்கள் ஏற்கெனவே சொல்லியிருந்தன. ரயில் கம்பெனிகளைக் காத்த அந்த வாதமே இப்போது ஏரியைக் காத்துவிட்டது. இந்த வழக்கை ரைலண்ட்ஸ் விதியின் எல்லைகளில் ஒன்றாகப் பொல்லாக் தன் நூலில் எடுத்துப் பேசுகிறார். ரைலண்ட்ஸ் தீர்ப்பின் கடுமைமேல் அவருக்கே அதிக நம்பிக்கை இருந்ததில்லை.

ஒரு தீர்ப்பு ஏரிப்பாசனத்தின் இயல்பைப் புரிந்துகொண்டு ஆங்கில விதியை வளைக்க முடிந்தது என்றால், ஒரு முழுச் சட்டம் எவ்வளவு செய்திருக்கலாம்! ஆனால் மசோதா சட்டசபைக்கே போகவில்லை. 1880களின் பிற்பகுதியோடு தொகுப்புச் சட்ட உற்சாகமே இந்திய அரசில் வடிந்துவிட்டது. அதைவிட எளிய காரணம் ஒன்றும் இருக்கலாம் என்பது என் ஊகம். அன்றைய இந்தியாவில் ரயில், கால்வாய், துறைமுகம், கிடங்கு எல்லாவற்றுக்கும் பெரும்பாலும் அரசே முதலாளி அல்லது உத்தரவாதம் கொடுப்பவர். தீங்கியல் சட்டம் வந்தால் முதல் பிரதிவாதி யாராக இருப்பார் என்று யோசிக்கத் தெரியாத அதிகாரிகள் கல்கத்தாவில் இல்லை.

பொல்லாக் அதற்காகச் சோர்ந்துவிடவில்லை. 1887இல் தன் 'தீங்கியல் சட்டம்' நூலை வெளியிட்டார். பின்வந்த பதிப்புகளில் இந்திய மசோதாவைப் பின்னிணைப்பாகச் சேர்த்தே அச்சிட்டார். தலைப்புப் பக்கத்திலேயே அதைச் சொல்லிவைத்தார். நூல் பதிப்புக்கு மேல் பதிப்பு கண்டது. 13ஆம் பதிப்பு 1929இல், அவருடைய 83ஆம் வயதில் வந்தது. அதற்கிடையே 1885இல் 'லா குவார்ட்டர்லி ரிவ்யூ' இதழைத் தொடங்கி 1919வரை ஆசிரியராக இருந்தார். 1895இலிருந்து 40 ஆண்டுகள் ஆங்கிலத் தீர்ப்புத் திரட்டுகளின் தலைமைப் பதிப்பாசிரியர். எந்தத் தீர்ப்பு அச்சேற வேண்டும், எது வேண்டாம் என்று தீர்மானிக்கும் இடம் அது. இங்கிலாந்துக்கு அவர் வரைந்துகொடுத்த கூட்டாண்மைச் சட்டம் 1890இல் நிறைவேறியது. அமெரிக்க நீதிபதி ஆலிவர் வெண்டல் ஹோம்ஸுடன் 1874 முதல் 1932வரை கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். கல்கத்தா பல்கலைக்கழகத்தின் தாகூர் சட்டச் சொற்பொழிவுகளை நிகழ்த்தினார். அவை 1894இல் நூலாயின. 1905இல் தின்ஷா முல்லாவுடன் சேர்ந்து இந்திய ஒப்பந்தச் சட்டத்துக்கு எழுதிய உரை இன்றும் 'பொல்லாக் அண்ட் முல்லா' என்ற பெயரில் நம் நீதிமன்ற நூலகங்களில் இருக்கிறது. 1937 ஜனவரியில் இறந்தார்.

அவருடைய நூல் வெளியான அதே 1887இல் பிரிவி கவுன்சில் இன்னொரு வழக்கில் ஒரு வரி சொன்னது. இந்திய நீதிமன்றங்கள் சட்டம் இல்லாத இடங்களில் 'நியாயம், சமநீதி, நல்மனசாட்சி' ஆகியவற்றின்படி தீர்க்க வேண்டும் என்பது பழைய ஏற்பாடு. அப்படியென்றால் இந்தியச் சமூகத்துக்கும் சூழலுக்கும் பொருந்தும் அளவுக்கு ஆங்கிலச் சட்ட விதிகள் என்றுதான் பொருள் என்றது கவுன்சில். கதவு முழுசாகத் திறந்துகொண்டது. சட்டசபை நிறைவேற்ற மறுத்ததை ஒரு மாவட்ட முன்சீப் தன் தீர்ப்பில் பொல்லாக்கின் பக்க எண்ணைக் குறிப்பிட்டே செய்துவிட முடிந்தது. மசோதா சட்டமாகியிருந்தால் அதில் இந்திய ஏரிகளுக்கும் இந்திய வழக்காறுகளுக்கும் இடம் இருந்திருக்கும். காலந்தோறும் திருத்தவும் முடிந்திருக்கும். பாடநூல் வழியாக வந்தபோது ஆங்கில வழக்குகள் ஆங்கில மணத்தோடேயே வந்தன. ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லி நகரில் ஜிஞ்சர் பீர் பாட்டிலில் நத்தை கிடந்ததாகச் சொல்லித் தொடுக்கப்பட்ட 1932ஆம் ஆண்டு வழக்கைத் தெரியாமல் தமிழ்நாட்டில் யாரும் சட்டத் தேர்வு எழுதிவிட முடியாது. கார்வேட்டிநகரத்து ஏரிகள் உடைந்த வழக்கு கேள்வித்தாளில் வருவது அபூர்வம்.

பொல்லாக்குக்குப் பின் வந்தவர்களும் பேராசிரியர்கள்தான். நம் மாணவர்கள் மனப்பாடம் செய்யும் தீங்கியல் வரையறை கேம்பிரிட்ஜ் பேராசிரியர் பெர்சி வின்ஃபீல்டுடையது. சட்டமே விதித்த, எல்லோர்பாலும் உரிய கடமையை மீறுவதிலிருந்து பிறக்கும் பொறுப்பு, முன்கூட்டித் தொகை குறிக்காத இழப்பீட்டால் தீர்வது என்பது அதன் கருத்து. இந்த வரையறை இடம்பெற்ற நூல் கல்கத்தாவின் 1930ஆம் ஆண்டுத் தாகூர் சொற்பொழிவுகளிலிருந்து பிறந்தது என்பதைச் சொல்லும் ஆசிரியர்கள் குறைவு. சென்னையில் எஸ். ராமசாமி ஐயர் எழுதிய தீங்கியல் நூல் உச்ச நீதிமன்றம்வரை மேற்கோள் காட்டப்பட்டது. ரத்தன்லால்–தீரஜ்லால் நூல் வழக்கறிஞர் மேசைகளில் நிரந்தரமாக இடம்பிடித்தது. இந்தியர்கள் எழுதிய நூல்களிலும் கட்டடம் ஆங்கிலேயருடையதுதான். இந்திய வழக்குகள் அதில் குடியேறியவை.

இந்த நூல்கள் எல்லாவற்றுக்கும் பின்னால் ஒரு பழைய சண்டை ஓடுகிறது. தகுந்த காரணம் இல்லாமல் பிறருக்குக் கேடு விளைவித்தால் செய்தவர் ஈடுகட்ட வேண்டும் என்ற ஒரே பொதுக்கோட்பாடு இந்தச் சட்டம் முழுவதற்கும் அடியில் இருக்கிறது என்பது பொல்லாக் கட்சி. வின்ஃபீல்டும் பின்னாளில் அதில் சேர்ந்தார். நியூசிலாந்தைச் சேர்ந்த ஜான் சால்மண்ட், அடிலெய்டில் பேராசிரியராக இருந்துவிட்டு 1907இல் தீங்கியல் நூல் எழுதியவர், அப்படி எதுவும் இல்லை என்றார். தனித்தனித் தீங்குகள்தான் உண்டு. உன் குறை அவற்றில் ஒன்றுக்குள் அடங்கினால் வழக்கு, அடங்காவிட்டால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். இதற்குப் புறாக்கூண்டுக் கோட்பாடு என்று பெயர் வந்தது. தேர்வில் பத்து மதிப்பெண்ணுக்கு இந்தக் கேள்வி வரும். மாணவர்கள் இரண்டு பக்கமும் எழுதிவிட்டு, இருவர் சொல்வதிலும் உண்மை உண்டு என்று முடிப்பார்கள். நம் நாட்டு நடைமுறையைப் பார்த்தால் அப்படி முடிக்க எனக்கு மனம் வரவில்லை. இங்கே சால்மண்ட் ஜெயித்துவிட்டார். அவருடைய வாதத்தால் அல்ல, நம் நாடாளுமன்றத்தின் கைவண்ணத்தால்.

சுதந்திரத்துக்குப் பின் ஒரு வாய்ப்பு வந்தது. எம்.சி. செடல்வாட் தலைமையிலான சட்ட ஆணையத்தின் முதல் அறிக்கையே, 1956இல், அரசின் தீங்கியல் பொறுப்பு பற்றியதுதான். குடியரசான பின்னும் 'அரசர் தவறு செய்யமாட்டார்' என்ற பழைய போர்வை எதற்கு என்று அது கேட்டது. 1962இல் உச்ச நீதிமன்றம் ராஜஸ்தான் அரசு ஜீப் மோதிய வழக்கில் அரசே பொறுப்பு என்றது. 1965இல் கஸ்தூரிலால் வழக்கில் பின்வாங்கியது. மீரட்டில் போலீஸ் ஒரு வியாபாரியிடம் கைப்பற்றி வைத்திருந்த தங்கத்தை ஒரு தலைமைக் காவலர் எடுத்துக்கொண்டு பாகிஸ்தானுக்கு ஓடிப்போனார். கைதுசெய்வதும் பறிமுதல் செய்வதும் இறையாண்மைக் காரியம். ஆகவே அரசு பொறுப்பில்லை. இப்படியொரு முடிவைத் தந்த நீதிபதிகளே சட்டம் இயற்றும்படி அரசைக் கேட்டுக்கொண்டார்கள். 1965இலும் 1967இலும் அரசின் தீங்கியல் பொறுப்பு மசோதாக்கள் வந்து காலாவதியாயின. பொல்லாக்கின் வரைவைப்போல இவையும் கிடப்பில் போயின.

இந்தியர்கள் தீங்கியல் வழக்குப் போடுவதே குறைவு என்பதற்கும் கணக்கு உண்டு. 1914 முதல் 1965வரை ஆல் இந்தியா ரிப்போர்ட்டரில் வந்த தீங்கியல் வழக்குகள் 613 என்று ஒரு ஆய்வாளர் 1970இல் எண்ணிச் சொன்னார். அரை நூற்றாண்டுக்கு, கோடிக்கணக்கான மக்களுக்கு, ஆண்டுக்குப் பன்னிரண்டு வழக்கு. நம்மவர்கள் விதியை நம்புபவர்கள், ஆகவே வழக்குப் போடமாட்டார்கள் என்று இதற்குச் சமாதானம் சொல்வதுண்டு. வரப்புத் தகராறுக்கு மூன்று தலைமுறை கோர்ட்டுக்கு அலையும் ஊரில் அந்தச் சமாதானம் செல்லாது. கேட்கும் தொகைக்கு ஏற்ப நீதிமன்றக் கட்டணம் கட்ட வேண்டும். தமிழ்நாட்டில் அது 2017வரை ஏழரை சதவீதம். பின்புதான் மூன்றாகக் குறைந்தது. காலை இழந்தவர் பத்து லட்சம் கேட்க வேண்டுமென்றால் முதலில் எழுபத்தைந்தாயிரம் கொண்டுவா என்றிருந்த ஏற்பாடு அது. பிறகு காத்திருக்க வேண்டும். டெல்லியில் ஸ்கூட்டரில் போனவர் தலையில் சாலையோர மரத்தின் கிளை முறிந்து விழுந்து அவர் இறந்தது 1964இல். மாநகராட்சி பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் இறுதியாகச் சொன்னது 1999இல்.

இந்தத் தாமதமே ஒருமுறை உலக மேடை ஏறியது. 1984 டிசம்பர் 2 நள்ளிரவு போபாலில் யூனியன் கார்பைடு ஆலையிலிருந்து விஷவாயு கசிந்தது. அடுத்த ஆண்டு நாடாளுமன்றம் சட்டம் போட்டு, பாதிக்கப்பட்டோர் அனைவருக்கும் வாதி நானே என்று அரசு நியூயார்க் நீதிமன்றத்துக்குப் போனது. அங்கே விஸ்கான்சின் பல்கலைக்கழகச் சட்டப் பேராசிரியர் மார்க் கேலன்டர் இந்திய அரசுக்காகப் பிரமாண வாக்குமூலம் தந்தார். 1957இலிருந்தே இந்தியாவை ஆராய்ந்துவந்தவர் அவர். 1975–84இல் ஆல் இந்தியா ரிப்போர்ட்டரில் வந்த தீங்கியல் வழக்குகள் 416; அவற்றில் 360 மோட்டார் விபத்து வழக்குகள்; மீதி 56 வழக்குகள் முடிய ஆன சராசரிக் காலம் 12 ஆண்டு 9 மாதம். இவ்வளவு பெரிய வழக்கை இந்திய நீதிமன்றங்கள் தாங்காது என்பது அவருடைய முடிவு. எதிர்த்தரப்பில், கம்பெனிக்காக, இந்திய நீதிமன்றங்களின் திறமையைப் போற்றி வாக்குமூலம் தந்தவர் வழக்கறிஞர் நானி பால்கிவாலா. இந்திய அரசு தன் நீதிமன்றங்கள் போதா என்கிறது. அமெரிக்கக் கம்பெனி அவை அருமை என்கிறது. இப்படியொரு காட்சியைக் கற்பனையாக எழுதினால் நம்பமாட்டோம். நியூயார்க் நீதிபதி கீனன் 1986 மே மாதம் வழக்கை இந்தியாவுக்கே திருப்பி அனுப்பினார்.

திருப்பி அனுப்பப்பட்டதைச் சட்டப் பேராசிரியர் உபேந்திர பக்ஷி 'வசதியற்ற மன்றமும் வசதியான பேரழிவும்' என்று பொருள்படும் தலைப்பில் நூலாகத் தொகுத்தார். போபால் பற்றிய அவருடைய மூன்று தொகுதிகளும் பேராசிரியர் ஒருவர் வழக்கோடு சேர்ந்து நடந்த பயணத்தின் ஆவணம். அதே 1986 டிசம்பரில் டெல்லி ஸ்ரீராம் ஆலையின் ஓலியம் வாயுக் கசிவு வழக்கில் நீதிபதி பகவதி, ரைலண்ட்ஸ் பத்தொன்பதாம் நூற்றாண்டுக்கு உரியது, அபாயத் தொழில் நடத்துபவருக்கு விதிவிலக்கே இல்லாத முழுப்பொறுப்பு என்று அறிவித்தார். பாடநூல்களில் இது பொன்னெழுத்து அத்தியாயம். போபாலுக்கோ அது பயன்படவில்லை. 1989 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றத்தின் மேற்பார்வையில் 47 கோடி டாலருக்குச் சமரசம் முடிந்தது. தொகை போதாது என்று மத்திய அரசு போட்ட மனுவை 2023 மார்ச்சில் அதே நீதிமன்றம் தள்ளுபடி செய்தது.

கேலன்டரின் எண்ணிக்கையில் ஒரு விவரம் பேசப்படவில்லை. 416இல் 360 மோட்டார் வழக்கு. நம் நாட்டில் தீங்கியல் செத்துவிடவில்லை. சாலையில் போய் வாழ்ந்துகொண்டிருக்கிறது. 1956ஆம் ஆண்டுத் திருத்தத்தால் மோட்டார் விபத்துத் தீர்ப்பாயங்கள் வந்தன. நீதிமன்றக் கட்டணச் சுமை குறைந்தது, பின்னால் காப்பீட்டுக் கம்பெனி நின்றது. வழக்குகள் பெருகின. எம்.சி.ஓ.பி., அதாவது மோட்டார் விபத்து இழப்பீட்டு மனு, என்று சொன்னால் நம் ஊர் நீதிமன்ற வளாகத்தில் டீ கொடுக்கும் பையனுக்கும் தெரியும்.

தொடக்கத்தில் சொன்ன மலைச்சாலைக்கு வருவோம். சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏற இரண்டு வழி. அடிவாரம் வழியாக 20 கொண்டை ஊசி வளைவுகளோடு ஏறுவது பழைய பாதை. அயோத்தியாப்பட்டணம் வழியாகக் குப்பனூர் வந்து அங்கிருந்து ஏறுவது மற்றது. பழைய பாதையில் மண் சரிந்தால் வண்டிகள் இப்படித்தான் திருப்பிவிடப்படும். சேர்வராயன் மலையின் இந்தச் சரிவுகளில் காபித் தோட்டமும், அதற்கு நிழல் தரும் சில்வர் ஓக் மரங்களும், மரத்தைச் சுற்றிய மிளகுக் கொடியும், அவ்வப்போது சாலையைக் கடக்கும் காட்டெருதும், மழைக்காலத்தில் உருண்டு வரும் பாறையும் உண்டு. தீங்கியல் ஆசிரியர் ஒருவர் கேள்வித்தாள் தயாரிக்கக் குப்பனூர் பாதையில் ஒருமுறை ஏறி இறங்கினால் போதும்.

குப்பனூரிலிருந்து தோட்ட வேலைக்குப் போகும் 35 வயதுக் கூலித் தொழிலாளி ஒருவரை வைத்துக்கொள்வோம். மாதம் 12,000 ரூபாய் சம்பாதிக்கிறார். மனைவி, இரண்டு பிள்ளைகள், தாய் என்று நான்கு பேர் அவரை நம்பியிருக்கிறார்கள். அவர் ஏறிய பேருந்து ஓட்டுநரின் தவறால் கவிழ, அவர் இறந்துவிடுகிறார். அப்படிப்பட்ட விபத்து வெறும் கற்பனை அன்று. 2024 ஏப்ரல் கடைசியில் ஏற்காட்டிலிருந்து இறங்கிய தனியார் பேருந்து மலைப்பாதையில் கவிழ்ந்து உயிர்கள் போயின. தீர்ப்பாயம் என்ன செய்யும்? 2017இன் பிரணய் சேத்தி தீர்ப்புப்படி எதிர்கால வருமான உயர்வுக்கு 40 சதவீதம் கூட்டும்: 16,800. அவருடைய சொந்தச் செலவுக்குக் கால் பங்கு கழிக்கும்: 12,600. பன்னிரண்டால் பெருக்கினால் ஆண்டுக்கு 1,51,200. 2009இன் சரளா வர்மா தீர்ப்பின் அட்டவணையில் 31–35 வயதுக்குப் பெருக்கெண் 16. மொத்தம் 24,19,200 ரூபாய். அதற்குமேல் இறுதிச்சடங்குச் செலவு, துணையிழப்பு முதலிய தலைப்புகளில் சிறு தொகைகள். ஓட்டுநரின் தவறை நிரூபிக்க முடியாவிட்டாலும் 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தால் வந்த 164ஆம் பிரிவில் 5 லட்சம் கேட்கலாம். இந்தக் கணக்கு எந்தப் பேராசிரியர் நூலிலும் முழுசாக இல்லை. சேலத்தில் விபத்து வழக்குப் பார்க்கும் ஜூனியர் வக்கீல் கால்குலேட்டரில் இரண்டு நிமிடத்தில் போட்டுவிடுவார்.

பேருந்து அரசுடையதாக இருந்தால் இன்னொரு கூத்து. சட்டத்தின் 146ஆம் பிரிவு அரசுப் போக்குவரத்துக் கழகங்களுக்குக் காப்பீடு எடுப்பதிலிருந்து விலக்குப் பெற வழிசெய்கிறது. அதற்குப் பதிலாகத் தனி நிதி வைத்திருக்க வேண்டும். நிதி இருக்கும், பணம் வராது. அப்போது நீதிமன்ற அமீனா பேருந்து நிலையத்துக்கு வந்து, பயணிகளை இறக்கிவிட்டு, பேருந்தை ஜப்தி செய்து நீதிமன்ற வளாகத்தில் கொண்டுபோய் நிறுத்துவார். தமிழ்நாட்டு நாளிதழ்களில் இந்தச் செய்தி வராத மாதம் குறைவு. அரசின்மேல் ஒரு ஏழை விதவையின் தீங்கியல் உரிமை கண்ணால் பார்க்கும்படி நிறைவேறும் ஒரே காட்சி அதுதான் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

இப்போது அதே மனிதரின் சாவுக்குக் காரணம் பேருந்து இல்லை என்று வைத்துக்கொள்வோம். ரயிலில் ஏறும்போது தவறி விழுந்து இறந்திருந்தால், யார் தவறு என்று கேட்காமல் ரயில்வே சட்டப்படி 8 லட்சம். தோட்டத்தில் வேலை செய்யும்போது என்றால் தொழிலாளர் இழப்பீட்டுக்கான தனிச் சட்டம், அதற்கு வேறு அட்டவணை. காட்டெருது முட்டியிருந்தால் வனத்துறை அரசாணை. அறுந்து தொங்கிய மின்கம்பி என்றால், 2002இல் உச்ச நீதிமன்றம் மின்வாரியத்துக்குக் கடும்பொறுப்பு உண்டு என்று மத்தியப் பிரதேச வழக்கில் சொல்லியிருக்கிறது. ஆனால் 2000இல் தமிழ்நாடு மின்சார வாரிய வழக்கில் அதே நீதிமன்றம், உண்மைகளில் தகராறு இருந்தால் உயர் நீதிமன்றத்துக்கு ரிட் மனுவோடு வராதே, உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போ என்றும் சொல்லியிருக்கிறது. சாலையோர சில்வர் ஓக் முறிந்து விழுந்தால் டெல்லி வழக்கை மேற்கோள் காட்டலாம், பொறுமை இருந்தால்.

நெடுஞ்சாலைத் துறை சரிவை வெட்டிவிட்டுத் தடுப்புச்சுவர் கட்டாமல் விட்ட இடத்தில் பாறை உருண்டு விழுந்தது என்றால்? பேரிடர் நிவாரண நிதியிலிருந்து 4 லட்சம் வரும். அது உரிமை அல்ல, நிவாரணம். மீதி 20 லட்சத்தைக் கேட்க ஆசைப்பட்டால் அந்தக் குடும்பம் முன்சொன்ன எல்லாவற்றையும் சந்திக்க வேண்டும். மூன்று சதவீதக் கட்டணத்தோடு சேலம் உரிமையியல் நீதிமன்றம், 'இது தெய்வச் செயல்' என்ற அரசின் பதில்மனு, சாலை போடுவது இறையாண்மைக் காரியமா இல்லையா என்ற பழைய வாதம். கஸ்தூரிலால் தீர்ப்பை உச்ச நீதிமன்றம் 1994இல் நாகேந்திர ராவ் வழக்கில் வெகுவாகச் சுருக்கிவிட்டது. காவல் மரணங்களில் அரசியல் சட்டத்தின் பெயரால் சுற்றிக்கொண்டும் போயிருக்கிறது. ஆனால் அது முறைப்படி ரத்தாகவில்லை. பெருமழையில் விழுந்த பாறைக்கு ஆள் பொறுப்பா என்று கேட்டால், 1874இன் ஏரி வழக்கே சரியான பதிலின் பாதியைச் சொல்லிவிட்டது: மழைக்குப் பொறுப்பில்லை, பராமரிக்காததற்குப் பொறுப்பு உண்டு. ஜமீன்தாருக்குப் பொருந்திய அந்த அளவுகோல் நெடுஞ்சாலைத் துறைக்கு ஏன் பொருந்தாது என்று வாதிட நல்ல வக்கீல் ஒருவர் போதும். அந்த வாதத்தைப் பொதுவிதியாக எழுதிவைத்த சட்டப்பிரிவு ஒன்றை அவரால் நீதிபதியிடம் காட்ட முடியாது என்பதுதான் சங்கடம். அப்படிப்பட்ட பொதுவிதியை எழுதிப்பார்த்த வரைவு, பொல்லாக்கின் பழைய பதிப்புகளில் பின்னிணைப்பாக இருக்கிறது.